ரோட்டுக்கு நிலம் எடுக்கிற 3ஏ விளம்பரம் பேப்பர்ல வந்திருக்கா? 21 நாள் ஏற்கனவே ஓட ஆரம்பிச்சிருக்கும்

கேள்வி: சார், நாலுவழிச் சாலைக்கு எங்க 3 ஏக்கர்ல 90 சென்ட் போகுதுன்னு சர்வே நம்பரோட பேப்பர்ல விளம்பரம் வந்திருக்கு. கிணறு ஒரு பக்கம், தென்னந்தோப்பு இன்னொரு பக்கம்னு நடுவுல வெட்டிட்டுப் போகுது. பட்டா இன்னும் தாத்தா பேர்லதான். ஆட்சேபணை குடுத்தா நிறுத்தலாமா, பணம் எப்படி கணக்கு போடுவாங்க?

பதில்: முதல்ல கெசட் (அரசிதழ்) தேதியப் பாருங்க. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956ல, 1997 திருத்தத்துல வந்த 3சி பிரிவுப்படி ஆட்சேபணைக்கு 21 நாள்தான், அதுவும் 3ஏ அறிவிப்பு, அதாவது நிலம் எடுக்கப் போறோம்னு சொல்றது, கெசட்ல வந்த நாள்ல இருந்து கணக்கு, பேப்பர்ல நீங்க பாத்த நாள்ல இருந்து இல்ல, நிறைய பேர் இதுலதான் கோட்டை விடுறாங்க. இன்னைக்கே எழுதி, நில எடுப்பு டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) ஆபீஸ்ல குடுத்து, ஒரு காப்பில சீல் போட்டு வாங்கிக்கோங்க. நேர்ல விசாரிக்கணும்னும் அதுலயே கேளுங்க, அது உங்க உரிமை.

அந்த மனுல விலையப் பத்தி எழுதி பிரயோஜனம் இல்ல. ஏன் இந்த வழியா ரோடு வரக்கூடாது, சர்வே நம்பர்லயோ பரப்புலயோ என்ன தப்பு, கிணத்த காப்பாத்த அலைன்மென்ட் (ரோடு போற பாதை) கொஞ்சம் நகர முடியுமா, இதத்தான் எஃப்எம்பி ஸ்கெட்ச்சோட (சர்வே நம்பரோட அளவு வரைபடம்) காட்டணும். உண்மையச் சொல்லணும்னா ஒரு மனுவால ரோடே நிக்கிறது ரொம்ப அபூர்வம், ஆனா பரப்பு தப்பா ஏறினது சரியாகும், அதுவே பெரிய விஷயம். 3ஏ வந்து ஒரு வருஷத்துக்குள்ள 3டி (நிலத்த எடுத்தாச்சுன்னு சொல்ற அறிவிப்பு) வரலைன்னா அந்த அறிவிப்பு செல்லாது (கோர்ட் தடை இருந்த நாள கழிச்சுருவாங்க). 3டி வந்துட்டா அந்த நிமிஷமே நிலம் மத்திய அரசுக்குப் போயிடும், அதுக்கப்புறம் பேச்சு பணத்தப் பத்தி மட்டும்தான்.

பணத்துக்கு 2015ல இருந்து 2013ம் வருஷ நில எடுப்புச் சட்டத்தோட கணக்குதான். கைடுலைன் வேல்யூ (பத்திரப் பதிவுக்கு அரசு வெச்சிருக்கிற விலை) ஒரு பக்கம், பக்கத்து நிலங்க கடைசி 3 வருஷத்துல கிரயமான பத்திரங்கள்ல அதிக விலை போட்டிருக்கிற பாதிப் பத்திரங்களோட சராசரி இன்னொரு பக்கம், ரெண்டுல எது அதிகமோ அது. கிராமம்னா அந்த விலையக் கூட்டித் தர்ற ஒரு பெருக்கல் காரணி, மரம், கிணறு, கட்டிடத்துக்கு தனி மதிப்பு, மொத்தத்துக்கும் 100 சதவீதம் ஆறுதல் தொகை, நிலத்தோட மதிப்புக்கு வருஷத்துக்கு 12 சதவீதம் கூடுதல். 3ஏ தேதியோட விலைதான் எடுத்துப்பாங்க, அதனால அதுக்கு முந்தின 3 வருஷ பத்திர நகல்கள சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல இப்பவே எடுத்து வைங்க, உங்களுக்காக அதிக விலை பத்திரத்த வேற யாரும் தேடித் தர மாட்டாங்க.

உங்க கேஸ்ல எனக்கு முக்கியமா படுறது அந்த ரெண்டு துண்டு விஷயம். எடுத்த 90 சென்ட்டுக்கு மட்டும் இல்ல, மீதி நிலம் துண்டானதால வர்ற நஷ்டத்துக்கும் 3ஜி பிரிவுல இழப்பீடு உண்டு. தண்ணி போக ரோட்டுக்கு அடியில பைப், இல்லன்னா புது போர், அதோட எஸ்டிமேட், எல்லாத்தையும் எழுத்துல கேளுங்க. கேக்காதவங்களுக்கு இது வர்றதே இல்லை, பாத்து பாத்து மனசு வலிச்சிருக்கு.

பட்டாவ உடனே வாரிசு சான்றிதழோட மாத்துங்க. பங்காளிகளுக்குள்ள தகராறுன்னா பங்கு பிரிக்கிறத சிவில் கோர்ட்டுக்கு அனுப்பிடுவாங்க, பணம் வருஷக்கணக்கா அங்கேயே கிடக்கும். தொகை குறைவுன்னு தோணுச்சுன்னா ஆட்சேபணையோட வாங்குறேன்னு எழுதிக் குடுத்துட்டு வாங்கிக்கோங்க, அப்புறம் ஆர்பிட்ரேட்டர்கிட்ட (தொகைத் தகராறைத் தீர்க்கிற நடுவர்) போங்க, அங்க கூடினா, நிலத்த அவங்க சுவாதீனம் எடுத்த நாள்ல இருந்து அந்தக் கூடுதல் தொகைக்கு வருஷத்துக்கு 9 சதவீத வட்டி போட்டுத் தரலாம். பணம் டெபாசிட் ஆனப்புறம்தான் நிலத்த ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் தர முடியும், அதுக்கும் 60 நாள் டைம் இருக்கு, அதுக்குள்ள தேங்காய் வெட்டு முடிச்சுருங்க.