30 நாள் அனுமதி, 40 நாள் பத்தியம்

கேள்வி: அக்கா, கல்யாணமாகித் திருவாரூரிலிருந்து கோலாலம்பூர் வந்தவள் நான். குழந்தைக்கு ஏழு வாரம். பிரசவத்துக்கு வந்த அம்மா 30 நாளில் ஊர் திரும்பிவிட்டார். அன்றிலிருந்து அழுகை அழுகையாக வருகிறது. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கமில்லை. எங்கேயாவது போய்விடலாம் போல் இருக்கிறது. மாமியார் ஃபோனில், "நாங்களெல்லாம் பெத்துக்கலையா?" என்கிறார். நான் நன்றிகெட்டவளா?
- செந்தூல் வாசகி

பதில்: இல்லை, தங்கச்சி. பிரசவமான சில நாளில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். உங்களுக்கு அடங்கவில்லை. இது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். உலக அளவில் பிள்ளை பெற்றவர்களில் ஏறக்குறைய 13 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் வருகிறது, பெரும்பாலும் இந்த மனச்சோர்வுதான். குணப்படுத்தக்கூடியது.

ஊரில் தலைப்பிரசவம் என்றால் தாய்வீடு. பூண்டுக் குழம்பு, வெந்நீர்க் குளியல், பிள்ளையைத் தூக்க நாலு பேர். பால் கொடுப்பதும் தூங்குவதும்தான் பெற்றவளுக்கு வேலை. பத்தியம் 40 நாள். விசா இல்லாமல் வரும் இந்தியர் இங்கே தங்குவதற்கோ 30 நாள்தான். அம்மா கிளம்பியதும் கூட இருந்த கைகள் போய்விட்டன, 'இதைச் சாப்பிடாதே, வெளியே போகாதே' மட்டும் உங்களோடு தங்கிவிட்டது. மாமியார் பிள்ளை பெற்றபோது பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று அவரிடமே கேளுங்கள். சண்டைக்காக அல்ல. சொல்லச் சொல்ல அவருக்கே புரியும்.

நம் பெண்கள் டாக்டரிடம் "தலை பாரம், உடம்பு வலி" என்போம். மனசைச் சொல்ல மாட்டோம். அவரும் வலி மாத்திரை தந்து அனுப்பிவிடுவார். குழந்தையின் அடுத்த ஊசிக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே கிளினிக் போய், எனக்கு எழுதியதை அப்படியே தாதியிடம் சொல்லுங்கள். இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க உதவும், பத்துக் கேள்விகள் உள்ள எடின்பரோ படிவம் தமிழிலும் உண்டு, கேட்டுப் பாருங்கள். பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன. திருஷ்டி கழிக்கச் சொன்னால் கழியுங்கள், அப்புறம் கிளினிக்கும் போங்கள்.

'எங்கேயாவது போய்விடலாம்' என்ற வரிதான் என்னைக் கலங்க வைக்கிறது. அது செத்துப்போகலாம் என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ திரும்பினால், அந்த நிமிடமே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் என்ற மனநல உதவி அமைப்பின் எண், 03-7627 2929, 24 மணி நேரமும்.

இதைக் கணவரிடம் கொடுங்கள். தம்பி, ராத்திரியில் ஒரு வேளைப் பாலை நீங்கள் புகட்டுங்கள். அவர் விடாமல் ஐந்து மணி நேரமாவது தூங்கட்டும். கிளினிக் வாசலில் இறக்கிவிட்டுப் போகாதீர்கள். லீவு போட்டு உள்ளே கூடப் போங்கள்.