முதல் தலைமுறை மாணவர்கள் கல்லூரிப் படிப்பை முடிக்க மேல்நிலைப் பள்ளி என்ன செய்யலாம்?

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் பாதியில் நின்றுவிடாமல் பட்டம் வாங்க, பள்ளியிலேயே அவர்களை எப்படித் தயார்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படிப் போனவன்தான். இப்போது ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார்.

தமிழ் வழியில் படித்து, 2005-இல் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். வகுப்பு முழுக்க ஆங்கிலம். பேராசிரியர் 'டிட்டர்மினன்ட், டிட்டர்மினன்ட்' என்று சொல்லிக்கொண்டே போகிறார். ஏதோ புதுப் பாடம் என்று மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தேன். பதினோராம் வகுப்பில் கரைத்துக் குடித்த அணிக்கோவைதான் அது என்று புரியவே ஒரு வாரம் ஆனது. 'ஃபங்ஷன்' என்றால் சார்பு, 'டெரிவேட்டிவ்' என்றால் வகைக்கெழு. தெரிந்ததையே தெரியாது என்று நம்பிக்கொண்டு, முதல் செமஸ்டரில் இரண்டு தாள் போனது.

அரியர் என்ற சொல்லே அதுவரை கேள்விப்பட்டதில்லை. பெயில் என்றால் ஒரு வருடம் போச்சு, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவ்வளவுதான் தெரியும். பொங்கல் லீவில் ஊரில் இருந்தபோது ரிசல்ட் வந்தது. லீவு முடிந்து பெட்டியைக் காலி செய்யத்தான் விடுதிக்குப் போனேன். சீனியர் அண்ணன் ஒருவர், "அடுத்த செமஸ்டரோட சேத்து எழுதிடலாம்டா, பீஸ் கட்டினா போதும்" என்றார். என் அறை நண்பன் என்னைவிட நன்றாகப் படிப்பவன். அவனுக்கு மூன்று தாள். அவன் ஊரிலிருந்து திரும்பவே இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாக அப்புறம் தெரிந்தது. அந்த ஒரு வரியை அவனிடம் சொல்ல ஆள் இல்லை.

கல்லூரியில் சேர்த்துவிட இன்று நிறைய ஏற்பாடு இருக்கிறது. 2022-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில், பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று வழிகாட்டும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சி நடக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் சேருபவர்களுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் காட்டினால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. ஆனால் பஸ், விடுதி, தேர்வுக் கட்டணம் எல்லாம் அந்தச் சலுகையில் வராது. இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டும். நடுவில் தெரிந்தால் படிப்புதான் நிற்கும்.

நான் என் வகுப்பில் செய்வது இதுதான். பிளஸ் ஒன்னிலிருந்தே கரும்பலகையில் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதிவிடுவேன். புத்தகத்தின் பின்பக்கத்திலேயே கலைச்சொல் பட்டியல் இருக்கிறது, யாரும் திருப்புவதில்லை. திருப்புதல் தேர்வெல்லாம் முடிந்தபின் ஒரு வாரம் ஆங்கிலப் பாடநூலில் இருந்து நான்கு பக்கம் படிக்கவைப்பேன். இன்டர்னல் மார்க், வருகைப் பதிவு, அரியர் என்றால் என்ன என்பதை, படித்துக்கொண்டிருக்கும் எங்கள் பழைய மாணவர்களே வந்து சொல்வார்கள். அரியர் வைத்துப் பாஸானவர்களைத்தான் தேடிப்பிடித்துக் கூப்பிடுவேன்.

பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூவையே நடத்தும் பழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2018-இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது இல்லை. கணக்கில் எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாம் தொடங்குவது பதினொன்றில்தான். அதை விட்டால் கல்லூரி முதல் செமஸ்டரில் பிள்ளை தரையில்லாமல் நிற்கும். மறுபடி அந்தப் பழக்கம் வந்துவிடக் கூடாது என்று கவலையாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. பள்ளியை விட்டுப் போனவர்களின் எண்களை ஒரு நோட்டில் வைத்திருக்கிறேன். முதல் செமஸ்டர் ரிசல்ட் வருகிற வாரம் ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன். போன வருடம் ஒரு பையன் நான்கு முறை எடுக்கவில்லை. ஐந்தாவது முறை எடுத்து, ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சார், அரியருக்குக் கடைசித் தேதி எப்போ பாக்கணும்?" என்று கேட்டான். அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.