கரையில் கிடக்கும் வள்ளத்துக்காக டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: வள்ளியூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். உவரியில் என் மாமாவின் ஃபைபர் வள்ளம், அவர் இறந்த பிறகு 6 ஆண்டாகக் கரையிலேயே கிடக்கிறது. அவுட்போர்டு இன்ஜின் வீட்டில் இருக்கிறது. ஞாயிறுதோறும் நானே வேலை பார்த்துச் சரிசெய்து, கடலுக்குப் போகும் மச்சினனிடம் பங்குக்கு விடலாம் என்று எண்ணம். ரெசின் (ஃபைபர் ஒட்டும் பசை), மேட் (கண்ணாடியிழை விரிப்பு), பெயிண்ட் எல்லாம் 80,000 ரூபாய்க்குள் முடியும். வங்கியில் 3 லட்சம் டெபாசிட் இருக்கிறது. அதை உடைப்பதா, மனைவியின் நகையை அடகு வைப்பதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். வள்ளம் யார் பெயரில் இருக்கிறது என்று எழுதவே இல்லையே? மாமா போய்விட்டார் என்றால் அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் அதில் உரிமை உண்டு. "நீயே வச்சிக்கோ மருமகனே" என்று அத்தை வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கலாம். வள்ளம் கடலில் இறங்கி நாலு காசு பார்க்கத் தொடங்கினால் பேச்சு மாறும். வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் கையெழுத்து, மீன்வளத் துறையில் பதிவு மாற்றம் பற்றிய விசாரிப்பு, இவை முடியும்வரை ஒரு டப்பா ரெசின்கூட வாங்காதீர்கள்.

அப்புறம், வள்ளம் தேறுமா என்று பாருங்கள். பெயிண்ட் உரிந்திருப்பது பெரிய விஷயமில்லை. பணத்தைத் தின்பது இன்ஜின் மாட்டும் பின்பலகைதான். பல வள்ளங்களில் அங்கே ஃபைபருக்குள் பிளைவுட் வைத்திருப்பார்கள். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே மக்கிக்கொண்டிருக்கும். வெளியே ஒன்றுமே தெரியாது. சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் கெட்டியாக வந்தால் நல்லது. மந்தமாகக் கேட்கும் இடத்தில் சிறு துளை போடுங்கள். காய்ந்த, வெளிறிய தூள் வந்தால் சரி. கறுத்து, ஈரமாக வந்தால் பலகையையே மாற்ற வேண்டும், உங்கள் 80,000 போதாது. இன்ஜினையும் நல்ல மெக்கானிக்கிடம் காட்டி கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் விட்டு அலசாமல் வைத்த இன்ஜின் உப்பு பிடித்து இறுகியிருக்கலாம். இந்தச் சோதனைகளுக்குப் பட்டறைக் கல்லாப் பணமே போதும்.

இரண்டும் தேறினால், டெபாசிட்டை உடைக்காமல் அதன் மேலேயே கடன் வாங்குங்கள். பொதுவாக டெபாசிட் வட்டியைவிட 1 அல்லது 2 சதவீதம் கூடுதலாக வாங்குவார்கள். டெபாசிட்டும் தன் வட்டியோடு ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கில் 80,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு உங்கள் கையைக் கடிப்பது 800 முதல் 1,600 ரூபாய்தான். ஓவர்டிராஃப்டாக, அதாவது தேவைப்படும்போது வேண்டிய அளவு எடுக்கும் கடனாக, வாங்கினால் எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி. நகை பெட்டியிலேயே இருக்கட்டும். அது வீட்டு அவசரத்துக்கு.

80,000-க்கு மேலே இன்னும் மூன்றில் ஒரு பங்கு சேர்த்தே செலவுக்கு வரம்பு வையுங்கள். கிரைண்டர் டிஸ்க், அசிட்டோன், முகமூடி, புரொப்பெல்லர், லைஃப் ஜாக்கெட் எதுவும் உங்கள் பட்டியலில் இல்லை. வீணாகப் போகும் ரெசினையும் கணக்கில் சேர்க்கவில்லை. ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் 1 முதல் 2 சதவீதம்தான் சேர்க்க வேண்டும். நம்ம ஊர் உச்சிவெயிலில் கலந்தால் கலக்கும் குவளையிலேயே சூடாகி, புகைந்து, கல்லாகிவிடும். காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ஆடிக் காற்றில் ஈர ரெசின் மேல் மணல் ஒட்டும். மறைப்புக் கட்டாமல் தொடங்கினால் திரும்பத் தேய்க்க வேண்டியதுதான்.

ஞாயிறு உழைப்புக்குச் செலவு இல்லை என்கிறீர்கள். பட்டறையில் அன்று வரும் வேலையைத் திருப்பி அனுப்பினால் அதுவும் செலவுதான், எழுதி வையுங்கள்.

மச்சினனோடு பேசும் பங்கையும் தாளில் எழுதுங்கள்: பெட்ரோல் யார், வலை யார், இன்ஜின் பழுதானால் யார். பதிவுள்ள படகைக் குத்தகைக்கு எடுத்திருக்கும், மீன்பிடி உரிமம் உள்ள மீனவரும் கிசான் கிரெடிட் கார்டு (விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் வங்கி தரும் குறைந்த வட்டிக் கடன்) கேட்கலாம். தவணை தவறாமல் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான் வரும். எரிபொருள், ஐஸ் செலவுக்கு மச்சினன் உங்களிடம் கைநீட்ட வேண்டியிருக்காது. அதற்கு வங்கியில் காட்டவும் அந்தத் தாள் வேண்டும்.