கணக்கைப் பார்ப்பதா, என்னைப் பார்ப்பதா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். கணக்குத் தாளை எடுத்தாலே நெஞ்சு படபடக்கிறது. −7ஐச் சமக்குறிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனதும், குறியை மாற்றினேனா, நேரம் ஆகிறதா, பக்கத்தில் இருப்பவர் முடித்துவிட்டாரா என்று மனம் ஓடும். மறுபடி முதல் வரிக்கே வந்துவிடுவேன். பள்ளியில் ஓர் ஆசிரியர் எல்லார் முன்னாலும் "உனக்குக் கணக்கு ஏறாது" என்றார். வீட்டிலும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். தம்பிக்குச் சொல்லித்தரும்போது மட்டும் இதே கணக்குகள் வந்துவிடுகின்றன. அவனும் இப்போது "உன்னை மாதிரிதான்க்கா, எனக்கும் ஏறாது" என்கிறான், அது கிடக்கட்டும். எனக்குப் பயிற்சி போதவில்லையா, மூளையே இவ்வளவுதானா? அந்த ஆசிரியரை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரி,

"அது கிடக்கட்டும்" என்று நீங்கள் தள்ளிவிட்டதை நான் எடுத்துக்கொள்கிறேன். தம்பியின் நோட்டில் வருகிற கணக்கு உங்கள் தாளில் வரவில்லை என்றால் மூளையைக் குறை சொல்ல வழியில்லை. அங்கே அவன் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று பார்க்கிறீர்கள். தனியாக உட்கார்ந்தால் உங்களையே பார்க்கிறீர்கள்.

பாதிக் கணக்கில் நிற்கும் எண்களைப் பிடித்துவைக்க மனதில் ஒரு தற்காலிக இடம் உண்டு. செயல்பாட்டு நினைவு என்போம். மிகச் சிறியது. "சரியாகப் போகிறேனா" என்ற கேள்வியும் அங்கேதான் வந்து உட்காரும். 2001இல் ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்ற உளவியலாளர்கள், சில எழுத்துகளை நினைவில் வைத்தபடியே கூட்டல் போடச் சொன்னார்கள். கணக்குப் பயம் மிகுந்தவர்கள் இனமாற்றம் வரும், அதாவது பத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் கூட்டல்களில்தான் அதிகம் தவறினார்கள். கூட்டத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். பிடித்துவைக்க இடம் போதவில்லை. வரிக்கு வரி திரும்பிப் போவதைக் கவனம் என்று நினைக்கிறீர்கள். அதுதான் இடத்தைத் தின்கிறது. சரிபார்ப்பதைக் கடைசி வரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் செய்தது தவறு, உங்கள் கோபம் நியாயம். ஆனால் "உன்னை மாதிரி" என்று தம்பி சொல்வது அவரிடம் கேட்டதில்லை, உங்களிடம் கேட்டது. கடுமையாகத் தெரியலாம், தெரிந்தே சொல்கிறேன். அவன் முன்னால் "எனக்கு ஏறாது" என்ற வார்த்தையை இனி எடுக்காதீர்கள்.

தேர்வுக்குச் சற்று முன், மனதில் உள்ள பயத்தை 10 நிமிடம் எழுதிப் பாருங்கள். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தேர்வு பயம் அதிகமுள்ள மாணவர்களுக்கு இது கைகொடுத்தது. அப்புறம், தம்பி மறுபடி "ஏறாது" என்றால் ஆறுதல் சொல்லிக் கடந்துவிடாதீர்கள். எந்த வரியில் நின்றாய் என்று கேளுங்கள். உங்களிடமும் அதையே கேட்டுப் பழகுங்கள்.