வேப்பமரத்தின் உச்சி காய்கிறதா? அடிமரத்தை முதலில் பாருங்கள்

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் வாசலில் இருபது வயது வேப்பமரம் ஒன்றும் அதையொட்டி ஒரு புங்கமரமும் நிற்கின்றன. தெருவில் ரோடு மேல் ரோடு போட்டு உயர்ந்துவிட்டதால், மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க மூன்று வருடம் முன்பு வாசலில் ஒன்றரை அடி கிராவல் கொட்டி, மேலே பேவர் பிளாக் பதித்தோம். இப்போது வேம்பின் உச்சிக்கிளைகள் காய்கின்றன. இலை சிறுத்துவிட்டது. கொழுந்துகள் கருகித் தொங்குகின்றன. புங்க இலை முழுக்கக் கொப்புளம். யூரியா வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு ரசாயனம் வேண்டாம். இயற்கை முறையில் காப்பாற்ற முடியுமா?"

யூரியா வைக்காதது நல்லதாகப் போயிற்று. வேர் திணறும் மரத்துக்கு யூரியா கொடுத்தால், இருக்கிற கொஞ்சநஞ்ச சக்தியையும் போட்டு இளந்தளிராகத் தள்ளும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அதுதான் விருந்து.

கோளாறு அந்த ஒன்றரை அடி கிராவலில் இருக்கிறது. மரத்துக்கு உணவும் நீரும் எடுக்கும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒன்று, ஒன்றரை அடிக்குள்தான் ஓடும். அவற்றின் மேல் கிராவலைக் கெட்டித்து, கல்லையும் பதித்தால் காற்றும் போகாது, தண்ணீரும் சரியாக இறங்காது. மரம் உடனே சாகாது. சேர்த்து வைத்ததைக் கொண்டு இரண்டு மூன்று வருடம் ஓட்டும். அப்புறம் உச்சியிலிருந்து காய ஆரம்பிக்கும்.

இன்றைக்கே அடிமரத்தைப் பாருங்கள். நல்ல மரம் மண்ணைத் தொடும் இடத்தில் யானைக்கால் மாதிரி அகன்று, வேர்கள் நாலாபக்கமும் பிரிவது தெரியும். உங்கள் மரம் நட்டு வைத்த கம்பம் போல நேராகத் தரைக்குள் இறங்கினால், கழுத்து புதைந்திருக்கிறது என்று அர்த்தம். இப்படி மூடிய ஒரு வேம்பின் அடியை ஒருமுறை கையால் தோண்டினேன். புதைந்திருந்த பட்டை கறுத்து, தண்ணீரில் ஊறிய அட்டை போல விரலோடு வந்தது. புளித்த வாடை வேறு. ஓர் அடி மேலே அதே பட்டை கட்டாந்தரை போலக் காய்ந்து உறுதியாக இருந்தது. அன்றிலிருந்து எந்த மரத்தையும் நான் அடியிலிருந்துதான் பார்க்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். அடிமரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது மூன்றடிக்கு பேவர் பிளாக்கை எடுத்துவிடுங்கள். உள்ளே உள்ள கிராவலை, வேர் பிரியும் இடம் தெரியும்வரை களைக்கொத்தாலும் கையாலும் கிளறி எடுங்கள். மண்வெட்டி வேண்டாம், வேரை வெட்டிவிடும். ஓரத்தில் சிமெண்ட் பூசாமல் செங்கல்லை வட்டமாக அடுக்குங்கள். அடுக்கு தரையைவிட இரண்டு விரற்கடை உயர்ந்திருந்தால்தான் வாசல் தண்ணீர் அந்தக் குழிக்குள் வழியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே தண்ணீர் தேங்கினால் செய்த வேலை வீண்.

கிளைகள் பரவும் எல்லைக்குக் கீழே, இரண்டு மூன்றடிக்கு ஒரு கல்லாக எடுத்துவிட்டு, கடப்பாரையால் இரண்டடி ஆழத்துக்குத் துளை போடுங்கள். பழைய மண்ணைத் தொட வேண்டும், அதுதான் கணக்கு. தண்ணீர்க் குழாயும் மின்கேபிளும் எங்கே ஓடுகின்றன என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். துளையில் மக்கிய தொழுவுரத்தையும் பருமணலையும் சரிபாதி கலந்து நிரப்பி, மேலே ஜல்லி போட்டுவிடலாம். இனி காற்றும் நீரும் இறங்க அதுவே வழி. தண்ணீரையும் இங்கேதான் விட வேண்டும், அடிமரத்தில் அல்ல. கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை மெதுவாக, ஆழமாக இறங்கும்படி விட்டால் போதும். வாஷிங் மெஷின் தண்ணீரைத் திருப்பிவிடாதீர்கள்.

இதற்குப் பிறகுதான் ஊட்டம். ஒரு கிலோ பசுஞ்சாணம், ஒரு லிட்டர் கோமியம், 200 கிராம் வெல்லம், 200 கிராம் பயறு மாவு, ஒரு கைப்பிடி மரத்தடி மண் ஆகியவற்றை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து, நிழலில் 48 மணி நேரம் வையுங்கள். காலையும் மாலையும் கலக்கிவிட வேண்டும். இந்த ஜீவாமிர்தத்தை ஈரமான துளைகளில் மாதம் ஒருமுறை ஊற்றுங்கள். மூடிய வேரில் அழுகல் பூஞ்சைக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், அதை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியை மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் காட்டி, நிழலில் இரண்டு வாரம் பெருக்கி இடுவதும் நல்லது. கூட இரண்டு கிலோ வேப்பம்புண்ணாக்கு. உதிர்ந்த இலையைக் கூட்டி மரத்தடியிலேயே எரிக்கும் வழக்கம் இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த இலைதான் மூடாக்கு. நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, அடிமரத்திலிருந்து அரையடி தள்ளி வையுங்கள்.

கொழுந்து கருகுவது வேறு விஷயம். தேயிலைக் கொசு என்ற நாவாய்ப்பூச்சி கொழுந்தில் சாறு உறிஞ்சும். ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சையும் நுனியிலிருந்து காயவைக்கும். 2021-இல் தெலங்கானாவில் ஏராளமான வேம்புகள் இப்படிக் கருகின. பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலான மரங்கள் மறுபடி துளிர்த்துவிடும். முப்பதடி மரத்துக்கு மருந்து அடிக்க முயலாதீர்கள். வேர் தேறினால் மரம் தானே தாங்கிக்கொள்ளும்.

காய்ந்த கிளைகளை இப்போதே வெட்டவும் அவசரப்படாதீர்கள். நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் துளிர் வந்தபின், எது வரவில்லையோ அதை மட்டும் எடுங்கள். தண்டோடு கிளை சேரும் இடத்தில் தடித்த மடிப்பு ஒன்று தெரியும். அதைச் சேதப்படுத்தாமல், அதற்கு வெளியே ஒட்டி அறுத்தால் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும்.

புங்க இலைக் கொப்புளம் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வேலை. மரத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை, விட்டுவிடுங்கள். ஆனால் அதன் அடியும் புதைந்திருந்தால் அதே வைத்தியம்தான்.

கிராவலை எடுக்கும்போது பட்டை சுற்றிலும் கழன்று வந்தாலோ, அடியில் தட்டுத்தட்டாகக் கெட்டியான காளான் ஒட்டியிருந்தாலோ வேலையை நிறுத்துங்கள். வேர் உள்ளுக்குள் அழுகியிருக்கும். காற்றில் வீட்டின் மேலேயே சாயலாம். விவரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு முடிவெடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் மரம் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. முதல் வருடம் பெரிய மாற்றம் தெரியாது. இரண்டாம் சித்திரையில் இலையின் அளவைப் பாருங்கள். பழைய அளவுக்கு விரிந்திருந்தால் வேர் தேறிவிட்டது.