வாசகர் கேள்வி: ஏர்பிரஷ்ஷில் தண்ணீர் தெறிப்பது ஏன்?

கேள்வி: மாடல் விமானத்துக்கு ஏர்பிரஷ்ஷில் (காற்றால் பெயின்ட் தெளிக்கும் சின்னக் கருவி) பெயின்ட் அடிக்கும்போது அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர்த் துளி தெறித்துப் புள்ளி விழுகிறது. கம்ப்ரசரில் ஃபில்டர் இருக்கிறதே! இன்னும் என்னென்ன வாங்கணும்?

பதில்: ஃபில்டர் இருக்கிற இடம்தான் கோளாறு. கம்ப்ரசரிலிருந்து காற்று சூடாக வருகிறது. ஈரம் அப்போது ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டிவிடும். ஹோஸில் போகப் போக ஆறி, நீராகிறது. ஆகவே ஏர்பிரஷ்ஷின் அடியிலேயே மாட்டும் சின்ன ஈரப்பொறி (காற்றிலுள்ள நீரைப் பிடித்துவைக்கும் குப்பி) ஒன்று வாங்குங்கள். அதைச் செங்குத்தாகப் பிடித்தால்தான் நீர் அடியில் தங்கும்; நிரம்புமுன் அடிப்பின்னை அழுத்தி வடியுங்கள். பொறிக்கு வருமுன் காற்று ஆறிவிட, ஹோஸ் 3 மீட்டர் இருந்தால் நல்லது. கம்ப்ரசரில் டேங்க் இருந்தால், வேலை முடிந்ததும் அடிவால்வைத் திறந்துவிடுங்கள், உள்ளே துருப்பிடிக்காது.

அடுத்து ரெகுலேட்டர், அதாவது காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. டிரிகரை அழுத்திக்கொண்டே 15 முதல் 20 பிஎஸ்ஐக்குத் (காற்றழுத்த அலகு) திருப்புங்கள். சும்மா இருக்கும்போது காட்டும் அளவு காற்று ஓடியதும் இறங்கிவிடும்.

ஊசி 0.3 மி.மீ. போதும், பிரைமருக்கு (முதல் பூச்சு) 0.5. ஊசியை மட்டும் மாற்றினால் பெயின்ட் ஒழுகும். பெயின்ட் வெளிவரும் முனையான நாசிலும் அதே அளவில் வேண்டும்.

லாக்கர் (தின்னர் கலந்த, ஆவி வீசும் பெயின்ட்) அடிப்பவரா? தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (அந்த ஆவியை உறிஞ்சும் வடிகட்டி) உள்ள மாஸ்க்கை முதலில் வாங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு.