தடித்த கேம் புத்தகம் வாங்கலாமா?

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் கைலி வியாபாரம் செய்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் தம்பி எல்டன் ரிங் கேம் ஆடுகிறான். அதற்கான வழிகாட்டிப் புத்தகம் இரண்டு தொகுதிகளாம், வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடு என்கிறான். ஒவ்வொன்றும் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் போலிருக்கிறது. எல்லாம் யூடியூபிலேயே கிடைக்கும்போது இது தண்டச் செலவு இல்லையா?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

தண்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் வேண்டாம், முதல் தொகுதி போதும்.

ஜெர்மனியின் ஃபியூச்சர் பிரஸ் 2022இல் கொண்டுவந்த புத்தகங்கள் அவை. முதல் தொகுதி அந்த உலகத்தின் நிலப்பரப்பையும் வழிகளையும் சொல்வது. இரண்டாவதில் ஆயுதம், மந்திரம், எதிரிகள் பற்றிய விவரங்கள். கேம் வெளியான பிறகும் அப்டேட் விட்டு ஆயுதங்களின் பலத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தார்கள். அச்சில் ஏறிய எண் ஏறியதுதான், ஆகவே இரண்டாம் தொகுதிதான் சீக்கிரம் பழசாகும். மலையும் கோட்டையும் இடம் மாறாது. 2024இல் அந்தக் கேமுக்குக் கூடுதல் பகுதியாக வந்த ஷேடோ ஆஃப் த எர்ட்ட்ரீ இந்த இரண்டிலுமே கிடையாது, தம்பிக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரு குகையில் வழி தெரியாமல் நிற்கிறான் என்றால் அதற்குப் புத்தகம் தேவையில்லை. இணையத்தில் தேடினால் உடனே விடை கிடைக்கும். அந்த வேலைக்காக மட்டும் விற்ற புத்தகங்களை இணையம் ஒழித்துவிட்டது. பிரைமா கேம்ஸ் 1990 முதல் இந்தத் தொழிலில் இருந்த நிறுவனம், அதுவே 2018இல் அச்சை நிறுத்துவதாக அறிவித்தது. படிப்பவரை ஏமாற்றிய புத்தகங்களும் வந்தன. 2000இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 9 வழிகாட்டி, முக்கியமான இடத்திலெல்லாம் 'மீதியை வலைத்தளத்தில் பார்' என்று அனுப்பியது. அந்தத் தளத்தின் பக்கங்கள் இன்று இல்லை. காசு கொடுத்தவர் கையில் பாதிப் புத்தகம்தான் மிச்சம்.

இன்று மிஞ்சியிருக்கும் சிலர் கெட்டி அட்டை, நல்ல தாள், பெரிய வரைபடம் என்று பொறுமையாகச் செய்கிறார்கள். விலை ஏறியதற்கும் அதுவே காரணம். இருபது நிமிஷ வீடியோவில் ஒரு பதிலைத் தேடுவதும், ஒரு பிரதேசம் முழுவதையும் ஒரே விரிப்பில் பார்த்து 'இங்கே நான் போகவே இல்லையே' என்று கண்டுபிடிப்பதும் ஒன்றாகுமா? இந்த இரண்டாவது சந்தோஷத்துக்குத்தான் அந்தக் காசு. கரண்ட் போன மாலையிலும் அதைப் புரட்டிக்கொண்டிருக்கலாம். அப்படி உட்கார்ந்து படிக்கிற பையனா உங்கள் தம்பி? அது உங்களுக்குத்தான் தெரியும்.

என்னிடம் பிக்கிபேக் வெளியிட்ட செல்டா கேம் வழிகாட்டிப் புத்தகம் ஒன்று இருக்கிறது, 2017இல் வந்தது. வேலூர்ப் பக்கம் சரக்கு விஷயமாக வரும்போது தம்பியையும் கூட்டி வாருங்கள். ஒரு வாரம் வைத்துப் பார்க்கட்டும், அப்புறம் ஆர்டர் போடலாம்.